அந்த வார் அறுந்ததே இல்லை

வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு எனக்கு விஷயம் தெரிந்தது. நீ போய் ஐந்து மாதம் ஆகப்போகிறது. உன்னைப் பற்றிய செய்தி வந்து சேர்ந்தது நேற்றுதான்.

உன் சிநேகிதி ஷமீம் வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் குமரேசன் மெட்ராஸிலிருந்து வந்து பாப்பாவைத் தன் வீட்டிலேயே வளர்க்க அழைத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. அதற்குள் ஒரு தடவை தூக்கி வைத்துக்கொண்டு போகலாம் என்று தேரடித் தெருவிலிருந்து வேங்கிக்கால் வரைக்கும் வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். புதுச் செருப்பு. கடையிலிருந்து அப்போதுதான் எடுத்த தோல் வாசனை அடித்தது. எனக்கு என்ன ஆயிற்றோ, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக வாயில் ஒரு கேலி வந்தது.

"இதுவாவது தாங்குமா? இல்ல, இதுக்கும் வார் அறுந்துடுமா?"

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, அந்த வார் ஒரு நாளும் அறுந்ததில்லண்ணே."

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா காபி கொண்டுவந்து, அவள் அழுவதைப் பார்த்து, டம்ளரோடு திரும்பிப் போனார்கள். ஷமீம் முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சொன்னாள். ஏழாவது படிக்கும்போது உனக்குக் காய்ச்சல் வந்து முழங்கால் இரண்டும் வீங்கியது. காய்ச்சல் போய்விட்டது, வீக்கமும் போய்விட்டது, நெஞ்சில் மட்டும் அது எதையோ விட்டுவிட்டுப் போனது. வேலூரில் ஒரு டாக்டர் நெடுநேரம் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, மாடி ஏறக்கூடாது, ஓடக்கூடாது, பெரியவளானால் கல்யாணம் பண்ணலாம், பிள்ளை மட்டும் பெறக்கூடாது என்றார். அது உன் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஷமீமுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் மாடி வகுப்புக்கு ஏறும்போது உனக்கு மூச்சு வாங்கினால் அவள் கையைக் கிள்ளுவாய். உடனே அவளுடைய செருப்பு வார் அறுந்துபோகும். அவள் குனிந்து ஊக்கு மாட்டுவது போல நேரத்தைக் கடத்துவாள். நீ பக்கத்தில் நின்று அவளைத் திட்டுவது போல மூச்சு வாங்கிக்கொள்வாய். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அது ஒரு ஏற்பாடு.

இவ்வளவையும் ஷமீம் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அழவில்லை. நீ போன அன்றைக்கும் அழவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவள் போன பிறகு நடையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு மெட்ராஸ் ஞாபகம் வந்தது. நாம் முதலில் பார்த்துக்கொண்ட அந்த நாளை இத்தனை வருஷமாக நான் ஒருவிதமாக வைத்திருந்தேன். அதை நேற்று முழுக்கக் கழற்றி வேறு மாதிரி மாட்ட வேண்டியதாகிவிட்டது.

வருஷத்தில் ஒரு நாள் பல்கலைக்கழகத்தில் எல்லா லேபையும் திறந்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ஓப்பன் டே என்பார்கள். குமரேசனும் நானும் ஒரே ஹாஸ்டல் அறை. அவன் சிவில், நான் எலெக்ட்ரானிக்ஸ். அவன் திருவண்ணாமலை டவுன், நான் கீழ்பென்னாத்தூர்க்காரன் என்பதால் முதல் வாரமே மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். "என் தங்கச்சிக்கு பிசிக்ஸ்னா உசுரு. இங்கயே சேரணும்னு துடிக்கிறா. ஓப்பன் டேக்கு வரச் சொல்லியிருக்கேன்" என்றான். ஷமீமின் அத்தாவுக்கு அன்று பாரிமுனையில் கடைக்கு லுங்கி எடுக்கிற வேலை. அவரோடு முதல் பஸ்ஸில் நீங்கள் இரண்டு பேரும் வந்தீர்கள். அவர் உங்களை எங்களிடம் ஒப்படைத்துவிட்டு, "தம்பி, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டாண்ட வந்து நின்னுடணும். லேட்டாச்சுன்னா ரெண்டு ஊட்லயும் எனக்குத்தான் ஒதை" என்றார்.

நீ பச்சைத் தாவணி. பஸ் தூசி படிந்த முகத்தைக் குழாயில் கழுவிவிட்டு, துடைக்காமலேயே வந்து நின்றாய்.

எங்கள் லேப் மேல்மாடியில் இருந்தது. பழைய காலத்துக் கட்டிடம், ஒவ்வொரு படியும் அவ்வளவு உயரம். முதல் திருப்பத்திலேயே ஷமீம், "ஐயோ, வார் அறுந்துடுச்சு" என்றாள். அடுத்த திருப்பத்தில் மறுபடியும். குமரேசன் எதற்கும் காத்திருக்கிற ஆள் இல்லை. சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கக்கூட மாட்டான். அவன் அன்றைக்குப் படியில் சாவகாசமாக உட்கார்ந்து, எங்கள் வார்டன் பல்செட்டைத் தொலைத்துவிட்டுத் தேடிய கதையைச் சொல்ல ஆரம்பித்தான். எனக்கோ லேபில் மெஷினை ஜூனியர் பையன்களிடம் விட்டுவிட்டு வந்த பதற்றம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் குறடு வைத்திருப்பேன்.

"குடும்மா, ஒரு கம்பியைப் போட்டுக் கட்டித் தரேன். ரெண்டே நிமிஷம்."

ஷமீம் செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "ஐயே, இன்ஜினியர் கையால செருப்பத் தொட்டா எனக்குப் பாவம் வந்துடும்."

"ஷமீம், நீ எப்பதான் நல்ல செருப்பு வாங்கப்போற? உங்க அத்தா கடையில செருப்பு விக்காததுதான் கொற" என்று நீ திட்டினாய். இரண்டு இரண்டு சொல்லாக நிறுத்தித் திட்டினாய். புதிய ஆள் முன்னால் பேசுகிற கூச்சம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்தச் செருப்பை ஒரு தடவை கையில் வாங்கியிருந்தால் போதும், வார் முழுசாக இருப்பது தெரிந்து உங்கள் நாடகம் அங்கேயே முடிந்திருக்கும். மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நானும் சிரித்தேன்.

மெஷினைப் பற்றி உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். நெஞ்சுத் துடிப்பைத் திரையில் காட்டுகிற மெஷின். மூன்று பேர் சேர்ந்து அந்த வருஷம் முழுக்கச் செய்தோம். இரண்டு மணிக்கட்டிலும் உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சு, அதன் மேல் ஒரு பித்தளைத் தகடு, ரப்பர் பட்டை. திரையில் பச்சைக் கோடு எகிறி எகிறி ஓடும். அந்த நாளில் அதற்குத்தான் கூட்டம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பெரியவர்கள், ஒரு போலீஸ்காரர்கூட வரிசையில் நின்றார். உங்களை வரிசையில் நிறுத்தாமல் பக்கவாட்டில் அழைத்துப்போனேன். எனக்கு அதில் பெருமை.

"கையை நீட்டு" என்றேன்.

நீ இரண்டு கையையும் தாவணிக்குள் இழுத்துக்கொண்டாய். "ஷாக் அடிக்கும்."

"அடிக்காது. பேட்டரிதான்."

"அப்பவும் வேணாம்."

"பிசிக்ஸ் படிக்கப்போற பொண்ணு இப்படியா பயப்படும்?"

குமரேசன் குறுக்கே வந்தான். "விடுடா மச்சான், பயந்தாங்கொள்ளிடா அவ." ஷமீம் அதற்குள் தன் கையை நீட்டிவிட்டாள். "எனக்குப் போடுங்கண்ணே. ஐ, என் நெஞ்சு எவ்ளோ அழகா குதிக்குது பாருங்க!"

நீ அவளைப் பார்க்கவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாய்.

"இது கோணலா வந்தா இன்னா அர்த்தம்?"

நான் தெரிந்தவன் போலச் சொன்னேன். "கோணலா வந்தா மெஷின்ல கோளாறு."

நீ சிரித்தாய். அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாய். "அப்ப சரி. மெஷின்லதான் கோளாறு" என்று ஷமீமிடம் சொல்லி மறுபடியும் சிரித்தாய். ஷமீம் சிரிக்கவில்லை. அதையும் பார்த்தேன். அர்த்தம் புரியவில்லை. அந்தச் சிரிப்புக்காகத்தான் உன்னைக் கட்டிக்கொண்டேன் என்று என் அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

உனக்கு ஒன்று தெரியாது. கை வைத்திருந்தாலும் அந்த மெஷின் எனக்கு ஒன்றும் சொல்லியிருக்காது. நெஞ்சு துடிக்கிறது என்று காட்டுமே தவிர, எப்படித் துடிக்கிறது என்று சொல்லுகிற அளவுக்கு அது பெரிய மெஷின் இல்லை. பக்கத்தில் யாராவது மின்விசிறியைப் போட்டாலே கோடு கோணலாகிவிடும். நீ பயந்தது ஒரு விளையாட்டுச் சாமானைப் பார்த்து.

மத்தியானம் ஊர் சுற்றினோம். மூர் மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர் கூண்டுக்குள் இருந்த கிளியைக் காட்டி, "பேசும் கண்ணு, நாலு பாஷ பேசும்" என்றார். "எங்கே, பேசச் சொல்லுங்க" என்றாள் ஷமீம். "இப்ப அதுக்கு சாப்பாட்டு டைம்மா" என்றார் அவர். அந்தக் கிளிக்கு எதிரே, பழைய புத்தகக் கடைப் பெஞ்சில் நீ வெகுநேரம் உட்கார்ந்து பிசிக்ஸ் புத்தகம் ஒன்றைப் புரட்டினாய். படிப்பில் எவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டேன். ஆசையும் இருந்தது, நிஜம்தான். பெஞ்சும் வேண்டியிருந்தது.

பிறகு கடற்கரை. ரோட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் எவ்வளவு மணல். பாதியில் ஷமீமின் வார் மறுபடியும் அறுந்தது. மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள், அப்போதும் அறுந்தது! குமரேசன் சட்டென்று, "இங்கயே உக்காரலாம்டா, காத்து நல்லா வருது" என்றான். "இவ்ளோ தூரம் வந்துட்டு கடல்ல கால் நனைக்காம போறதா?" என்றேன் நான். "நீங்க போய் நனைச்சிட்டு வாங்க. எங்களுக்கும் சேத்து" என்றாய். நான் மட்டும் போனேன். தண்ணீரில் நின்று திரும்பிப் பார்த்தேன். நீங்கள் மூன்று பேரும் நெருக்கமாக உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் கையை ஆட்டினேன். மூன்று பேரும் ஆட்டினீர்கள். நல்ல சிநேகிதர்கள் கிடைத்திருக்கிறார்கள் என்று நிறைந்துபோய் நின்றேன்.

கல்யாணத்துக்குப் பிறகும் இதேதான் நடந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊரே மலையைச் சுற்றும். கல்யாணமான புதிதில் உன்னைக் கூப்பிட்டேன். "நீங்க சுத்திட்டு வாங்க. நான் கோபுரத்தாண்ட உக்காந்திருக்கேன். பாதிப் புண்ணியம் எனக்கு எழுதிடுங்க" என்றாய். ஒவ்வொரு மாதமும் அப்படியே. நான் வெறுங்காலில் முழு மலையையும் சுற்றி வந்து நிற்பேன். நீ பூக்காரம்மாவிடம் கதை பேசிக்கொண்டிருப்பாய். "வந்துட்டாரும்மா என் பங்குதாரர்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு எழுந்து வருவாய். என் ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன், என் பெண்டாட்டி கடவுளையே ஏமாற்றுகிறாள் என்று.

நீ ஏன் பல்கலைக்கழகத்தில் சேரவில்லை என்று அப்போதே கேட்டேன். "ஊட்ல விடல" என்றாய். ஹாஸ்டலில் சேர்க்கும்போது டாக்டர் குழல் வைத்துப் பார்ப்பார், வெளியே தெரிந்தால் எவன் கட்டுவான் என்று உன் அம்மா தடுத்துவிட்டார்களாம். அதுவும் ஷமீம் நேற்றுச் சொன்னதுதான். நீ எவ்வளவு அழுதாய் என்றும் சொன்னாள். எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவமும் கோபமும் ஒன்றையொன்று குறைக்கவில்லை, தனித்தனியாகவே இருக்கின்றன.

வயிற்றில் பாப்பா இருந்த மாதங்களில், வேலூருக்கு ஒவ்வொரு தடவையும் ஷமீமோடுதான் போனாய். நான் லீவு போடுகிறேன் என்றால், "பொம்பளைங்க ஆஸ்பத்திரியில உங்களுக்கு இன்னா வேல? போய் நாலு போனை ரிப்பேர் பண்ணுங்க, ஊருக்காவது உபயோகமா இருக்கும்" என்பாய். கடைசி நாள் வலி எடுத்தபோது குமரேசன் வந்திருந்தான். டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு இங்கிலீஷில் பேசினார். என்னை ரத்தம் வாங்கிவர அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது நர்ஸ் கையில் பாப்பா இருந்தாள். "இதயம் தாங்கலடா" என்றான் குமரேசன். திடீரென்று நடந்துவிட்டது என்று அதை வாங்கிக்கொண்டேன். இத்தனை மாதமும், யாருக்கும் தெரியாமல் வந்த ஒன்று என்றே நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் ஒரு ஆறுதல் இருந்தது. அதையும் நேற்று எடுத்துவிட்டீர்கள்.

வீட்டுப் போனில் பேசினால் அம்மா காதில் விழும் என்று, சாயங்காலம் நான் வேலை பார்க்கிற டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போய் அங்கிருந்து குமரேசனுக்கு ட்ரங்க் கால் போட்டேன்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"யாரு சொன்னா?"

"தெரியுமான்னு கேட்டேன்."

"மச்சான், அவ எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாடா. நானே பக்குவமா சொல்லிக்கிறேன்னா. நாள் போயிடுச்சு."

"நீ ஏன்டா சொல்லல? என்னோட ஒரே ரூம்ல கெடந்தியே."

"நீ வேணாம்னு சொல்லிடுவியோன்னு பயந்தேன்."

"எதை? கல்யாணத்தையா, கொழந்தையையா?"

"ரெண்டையும்தான்."

கல்யாணத்தை நான் வேண்டாம் என்றிருக்க மாட்டேன். அது உனக்கும் தெரியாமல் போனதே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தாயே, அன்றைக்கே சொல்லியிருந்தாலும் கட்டியிருப்பேன். உன்னை வண்டியில் உட்கார வைத்து மலையைச் சுற்றியிருப்பேன். லேபைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவா என்றால்கூட ஏதாவது பண்ணியிருப்பேன்.

குழந்தையை வேண்டாம் என்றிருப்பேன். சத்தியமாக. யோசிக்கவே மாட்டேன். அது உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை. எனக்கும் சேர்த்து நீயே முடிவெடுத்தாய். ஷமீமிடம் நீ சொன்னாயாம், "அவர்கிட்ட கேட்டா அவருக்கு நான்தான் இருப்பேன். கேக்கலன்னா அவருக்கு ஒரு புள்ள இருக்கும்" என்று. இது என்ன நியாயம்? யார் உன்னிடம் பிள்ளை கேட்டது?

இதை எழுதும்போது பாப்பா பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறாள். உன்னிடம் கோபித்துக்கொண்டு, நீ அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று ஒரு வரி எழுதினால், அந்த வரியில் இவள் இல்லாமல் போகிறாள். எழுதாமல் விட்டால், நீ செய்தது சரி என்றாகிறது. நேற்று இரவிலிருந்து இதைத்தான் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன். எந்தப் பக்கமிருந்து கட்டினாலும் சர்க்யூட் வேலை செய்யவில்லை.

இவளைக் கொடுக்க முதலில் ஏன் சம்மதித்தேன் என்று கேட்பாய். மரத்துப் போயிருந்தேன். குமரேசன், "என் வீட்ல ரெண்டோட மூணா வளந்துட்டுப் போவுது, நீ சின்ன வயசு, உனக்குன்னு ஒரு வாழ்க்கை இருக்கு" என்றான். தலையாட்டினேன். யார் எது கேட்டாலும் அப்போது தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். என் அம்மா பாப்பாவின் துணிகளை மடித்து மடித்துப் பையில் வைத்தார்கள்.

இன்று காலையில் அந்தப் பையை எடுத்துத் துணிகளையெல்லாம் மறுபடியும் கொடியில் போட்டேன்.

"இன்னாடா பண்ற?" என்றார்கள் அம்மா.

"பாப்பா எங்கயும் போகல."

"குமரேசன் நாளைக்கு வர்றானே."

"வரட்டும். சாப்ட்டுட்டுப் போகட்டும்."

அம்மா கொடிக்குப் பக்கத்தில் வந்து ஒரு சட்டையைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு, "அந்த மஞ்ச சட்ட இன்னும் காயலடா, வெயில்ல போடு" என்று மட்டும் சொன்னார்கள்.

அவன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. இவளை உயிரையே வைத்து வளர்ப்பான். உன்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள். அந்த வீட்டில் பாசம் அதிகமாகும்போது எல்லோரும் சேர்ந்து ஒருவரிடம் ஒன்றை மறைக்கிறார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றுகிறார், ஒருவர் கதை சொல்கிறார், நடுவில் ஒருவன் குறடை வைத்துக்கொண்டு முட்டாளாக நிற்கிறான். நாளைக்கு இவள் தன் அம்மா எப்படிச் செத்தாள் என்று கேட்டால் அங்கே இதயம் தாங்கவில்லை என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. இவள் அங்கே வளர வேண்டாம். என்னிடம் கேட்டால் எல்லாவற்றையும் சொல்வேன். உன்னைப் பெற்றதால்தான் உன் அம்மா போனாள் என்று சொல்வேன், தெரிந்தேதான் பெற்றாள் என்று சொல்வேன், என்னிடம் சொல்லவில்லை என்றும் சொல்வேன். அது இவளுக்கு வலிக்கும். நான் பக்கத்தில் இருப்பேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. உன் மேல் கோபத்தை வைத்துக்கொண்டே இவளுக்குப் பால் புகட்டுகிறேன், இரண்டும் ஒரே கையில்தான் நடக்கிறது. எப்போதாவது குறையுமா என்று தெரியாது. குறையாவிட்டாலும் வளர்ப்பேன்.

ஆபீஸ் வேலைக்காக வீட்டில் கொடுத்திருக்கிற போன் மத்தியானத்திலிருந்து விட்டு விட்டு அடிக்கிறது. ட்ரங்க் கால் மணி, நீளமாக வரும். குமரேசன்தான். ஒவ்வொரு மணிக்கும் பாப்பா திடுக்கிட்டுக் கையை உதறுகிறாள். "எடுத்து ஒரு வார்த்த சொல்லிடேன்டா" என்றார்கள் அம்மா. நாளைக்கு நேரில் வருவான், நேரில் சொல்லிக்கொள்கிறேன். இப்போது ஸ்குரூ டிரைவரை எடுத்து, சுவரில் இருக்கிற பெட்டியைத் திறந்து, இரண்டு கம்பியையும் கழற்றிவிட்டேன்.